கலையக உருவப்படமும் விளம்பரச் சுவரொட்டியும்

விளம்பரச் சுவரொட்டிக்கான உருவப்படம் எவ்வாறு திட்டமிடப்படும் என வினவினால், பலர் கமராவிலிருந்தே விடையைத் தொடங்குகின்றனர். முதலில் எழுத வேண்டியது சுவரொட்டியின் மாதிரி வரைபைப் பற்றியே. பொருளின் பெயரும் வாசகமும் வரும் இடத்தைத் தீர்மானித்து, அதனை வெறுமையாக விட்டே படம் எடுக்கப்படும். முகம் சட்டகத்தை நிரப்பிவிட்டால் எழுத்து நெற்றியில்தான் ஏறும்!

அடுத்தது ஒளி. 1941இல் லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் இந்தி நடிகை லீலா சிட்னிஸ் தோன்றினார். முகமே அங்கு பொருளுக்குச் சாட்சி. இத்தகைய விளம்பரத்தில் சருமம் மென்மையாகத் தெரிய வேண்டும். எனவே பிரதான விளக்கு ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில், கண்மட்டத்துக்கு மேலே, மென்திரையிட்டு வைக்கப்படும். மறுபக்க நிழலை வெண்பலகையில் தெறிக்கும் ஒளி குறைக்கும். பின்விளக்கு தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். உழைப்பாளியின் முகச்சுருக்கங்களே தெரிய வேண்டுமாயின் மென்திரையை அகற்றிவிடலாம்.