பதின்மூன்று வயதில் எதற்கு இந்த ஊசி?

மாணவர்களே, படிவம் 1 மாணவியரிடம் எச்பிவி தடுப்பூசிக்கான அனுமதிப் பாரத்தைக் கொடுத்து, பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் சில பாரங்கள் வெறுமையாகவே திரும்பி வந்தன. "அந்தப் புற்றுநோய் பெரியவங்களுக்குத்தானே வரும் டீச்சர்? அப்புறம் போட்டுக்கலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள் ஒரு மாணவி.

நியாயமான கேள்விதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவரும். ஆனால், அது தொடங்குவது அப்போதல்ல.

இந்நோய்க்கு ஏறக்குறைய எப்போதுமே எச்பிவி என்னும் நச்சுயிரிதான் காரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நச்சுயிரியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் தோலில் மரு உண்டாக்குவதோடு சரி. 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தாம் சுமார் 70 விழுக்காட்டுக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

தொற்றிய கிருமியைப் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. நம் உயிரணுக்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. டிஎன்ஏ பழுதடைந்தால் உயிரணு பிரிவதை நிறுத்திவைக்கும் காவலாளி அது. எச்பிவி உண்டாக்கும் இ6 என்னும் புரதம் இந்தக் காவலாளியை அழித்துவிடுகிறது. பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

தடுப்பூசி கிருமி நுழைவதைத் தடுக்கும். நுழைந்து தங்கிவிட்டதை வெளியேற்றாது. இக்கிருமி பெரும்பாலும் பாலுறவின் வழி பரவுவதால் சில பெற்றோர் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். பிள்ளையின் நடத்தைக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பில்லை. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோய்க்கு இப்போதே தடுப்பு, அவ்வளவுதான். மேலும், 9 முதல் 14 வயதில் உடல் எதிர்ப்பொருள்களை மிக நன்றாக உருவாக்குகிறது. பெரியவர்களுக்கு மூன்று ஊசி தேவைப்பட்ட இடத்தில் இவ்வயதினருக்கு இரண்டே போதுமாக இருந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரே ஊசி அட்டவணையையும் ஏற்றுக்கொண்டது.

ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமியன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜோ ஜியானும் 1991இல் ஒன்றைச் செய்து காட்டினர். கிருமியின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால், அதன் துண்டுகள் தாமாகவே ஒன்றுகூடிக் கிருமியைப் போன்ற உருண்டையாகிவிடும்! உள்ளே டிஎன்ஏ கிடையாது. பருப்பில்லாத கடலை ஓடு மாதிரி. அதனால் நோயை உண்டாக்க வழியில்லை. நம் உடலோ அதைப் பார்த்து எதிரியின் உருவத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது.

மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவியருக்கு 2010 முதல் இது இலவசமாகப் போடப்படுகிறது. பலன் உண்டா? சுவீடனில் 17 வயதுக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவாக இருந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மாணவர்களே, ஆண்பிள்ளைகளும் கவனியுங்கள். எச்பிவி தொண்டைப் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் இதைப் போடுகிறது. புற்றுநோய்த் தடுப்பூசி உங்களுக்குப் புதிதுமன்று. கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான ஊசி, 1989 முதல் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஆகவே, வளர்ந்தபின் கருப்பைவாய்ப் பரிசோதனையும் தேவை. உங்கள் அம்மா அதைச் செய்துகொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியில் ஊசியைத் தவறவிட்டவர்கள் அரசாங்க கிளினிக்கில் விசாரிக்கலாம்.

அந்த மாணவி பாரத்தை மறுபடியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து அம்மா வந்ததும், பி53 பற்றி அவளே சொல்லப் போகிறாளாம்.