வெள்ளக் காலத்து ஏரியில் விரால் மீன்

பெங்களூரில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 97 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை பெய்கின்றது. செப்டம்பர் மாதத்திலேயே மழை மிகுதி. இந்நகரத்து ஏரிகள் சங்கிலிபோல் தொடர்புடையவை. மேட்டு ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கின் வழியே வெளியேறி, கன்னடத்தில் 'ராஜகாலுவே' எனப்படும் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரியைச் சேர்கின்றது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த நீர் தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திற்கு வருகின்றது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூரைச் சுற்றிய சாலைகளும் குடியிருப்புகளும் நீரில் மூழ்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். இத்தகைய நாட்களில் ஏரி மீன்கள் எங்குச் செல்கின்றன?

நீர் பெருகினால் பெரிய மீன் ஆழத்தை நாடும் என்றே தூண்டிற்காரர் பலரும் எண்ணுகின்றனர். விரால் மீனைப் பொறுத்தவரை இது பெரும் பிழை. நீர்மட்டம் உயர்ந்தவுடன் கரையோரப் புல்வெளி மூழ்குகின்றது. அங்குள்ள மண்புழுக்களும் பூச்சிகளும் நீரில் அகப்படுகின்றன, தவளைகள் கூடுகின்றன. இவற்றை நாடிச் சிறு கெண்டைகள் வருகின்றன. கெண்டைகளைத் தொடர்ந்து விரால் வருகின்றது. முழங்காலளவு நீரிலும் பெரிய விரால் புற்களிடையே அசைவின்றிக் கிடக்கும். கால்வாய் நீர் விரைந்து பாயுமிடத்தில் அதனைத் தேடுதல் வீண். ஓட்டம் தணிந்த ஒதுக்கிடமே அதற்கு உகந்தது.

கலங்கிய நீரும் இம்மீனுக்குப் பெருந்தடையன்று. செவுள்களுக்கு மேலுள்ள அறைகளில் நேரடியாகக் காற்றை ஏற்கும் உறுப்பு விராலுக்கு உண்டு. ஆகவே அது அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே தீரவேண்டும். நீருக்குள் அழுத்தி வைத்தால் மீனாயினும் மூச்சடைத்து மாளும் என்பது மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தி. கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்த நீரில் மற்ற மீன்கள் மடியும்போதும் காற்றை விழுங்கும் மீன்கள் தாக்குப்பிடிக்க இயலும். பெங்களூரின் அல்சூர் ஏரியில் 2016 மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இங்கே நினைவுகூரலாம். விரால் காற்று விழுங்கும்போது நீர்ப்பரப்பில் எழும் சிறு சுழிப்பே தூண்டிற்காரனுக்கு அடையாளம்.

ஆனால் விரால் கரையோரத்திற்கு வருவது இரைக்காக மட்டுமன்று. மழைக்காலமே அதன் முக்கியமான இனப்பெருக்கக் காலம். ஆணும் பெண்ணும் மூழ்கிய புற்களையும் பாசியையும் ஒதுக்கி, ஏறத்தாழ ஓரடி குறுக்களவில் வட்டமான இடத்தைத் துப்புரவு செய்கின்றன. பொன்னிற முட்டைகள், தம்முள் அடங்கிய எண்ணெய்த் துளியினால் நீர்ப்பரப்பில் மிதக்கின்றன. ஓரிரு நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. நாட்டுப்புறத்தார் இக்குஞ்சுகளைப் 'பார்ப்பு' என்பர். செம்மஞ்சள் நிறமுள்ள பார்ப்புகள் திரளாக மேலெழுந்து காற்று விழுங்கும்போது, மழையில்லாத வேளையிலும் அவ்விடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் தோன்றும். பெற்ற மீன்கள், சிறப்பாக ஆண் மீன், அத்திரளின் கீழே சில வாரங்கள் காவல் நிற்கும்.

இக்காவலே அதற்குக் கேடாகின்றது. பார்ப்புத் திரளின் நடுவே தவளையையோ, தவளை போன்ற செயற்கை இரையையோ எறிந்தால், பசியில்லாவிடினும் காவல் மீன் சினந்து பாய்ந்து கவ்வும். இவ்வுத்தியை அறியாத தேர்ந்த தூண்டிற்காரர் அரியர். ஒரு மீன் கூடைக்கு வருகின்றது. காவலிழந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளோ கெண்டைக்கும் நீர்ப்பாம்பிற்கும் நீர்க்காகத்திற்கும் இரையாகின்றன.

வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்னும் பெரிய ஊனுண்ணி மீன் உண்டு. அதுவும் பனி உருகி நீர் உயரும் இளவேனிலில் செடிகள் அடர்ந்த ஆழமற்ற கரையில் முட்டையிடும். ஆனால் முட்டைகளைக் காவாது விட்டு நீங்கும். அவ்வாறிருந்தும் அங்குள்ள பல மாநிலங்கள் அப்பருவத்தில் அதனைப் பிடிக்கத் தடை விதித்துள்ளன. குஞ்சைக் காக்கும் விராலுக்கு அத்தகைய ஓய்வு இன்னும் இன்றியமையாதது. 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் இட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. எனினும் பார்ப்பின் மேல் எறியப்படும் தூண்டிலைக் காவலர் கண்டறிதல் எளிதன்று. இங்கே சட்டத்தைக் காட்டிலும் கரையில் நின்று சொல்லும் சொல்லே பயன் தரும்.

கள ஊழியர், ஏரி நிரம்பிய முதல் வாரத்திலேயே மீனவரோடு கரையைச் சுற்றிவந்து, செம்மஞ்சள் திரள் காணும் இடங்களில் கழி நட்டு அடையாளமிடலாம். குஞ்சுகளின் நிறம் மாறிப் பழுப்பேறித் திரள் கலையும்வரை அவ்விடங்களில் தூண்டிலும் பறியும் வேண்டா எனக் கேட்டுக்கொள்ளலாம். நமது மீனவர் இதனை ஏற்கமாட்டார் எனக் கருதுவது தவறு. அடுத்த ஆண்டின் விரால் எங்கிருந்து வரவேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். அடையாளமிடாத இடங்களில், தனித்துச் சுழிப்பு எழுப்பும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கு இவ்வேற்பாடு தடையாகாது.

ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்வதாயின் கலிங்கின் அருகே நிறுத்தலாகாது. அங்கு நீரின் இழுப்பு வன்மையுடையது. பார்ப்புத் திரள் எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை மேலெழுகின்றது என்பதை மேட்டுக் கரையில் அமர்ந்தே கணக்கிடலாம். காவல் மீன் தவறித் தூண்டிலில் சிக்கினால், ஈரக் கையால் பிடித்து, முள்ளை மெல்ல நீக்கி, சிக்கிய அதே இடத்தில் உடனே விட்டுவிடவேண்டும். வேறிடத்தில் விடப்பட்ட மீன் தன் குஞ்சுகளைச் சென்றடைவது அரிது.