ஒருமையா, பன்மையா?

போன மாதம் ஒரு மனித உரிமைக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பொறியியல் மாணவனுக்கு அங்கே என்ன வேலைன்னு நண்பர்கள் கேட்டாங்க. உண்மையில் பாதி உரை புரியல. ஆனால் இந்திரா காந்தி வழக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதையே பத்துமலை ஞாயிறு வகுப்பில் தம்பி தங்கைகளோடு படித்தோம்.

இந்திரா ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியர். 2009இல் அவருக்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் கணவர் இஸ்லாத்துக்கு மாற்றினார். கடைக்குட்டிக்கு 11 மாதம். அவளைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்.

கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) விதிப்படி, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்யலாம். தமிழில் பெற்றோர் என்றாலே இருவர். ஆங்கிலத்தில் 'பேரண்ட்', ஒருமை. அப்போ ஒருவர் போதுமா? ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்கிறது அதே அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: இருவர் சம்மதமும் வேண்டும், மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது.

"அப்போ பாப்பா அம்மாகிட்ட வந்துட்டாளா, அண்ணா?" என்று கேட்டாள் ஒரு தங்கை.

வரவில்லை. பிள்ளை தாயிடம்தான் இருக்கவேண்டும் என்று ஈப்போ உயர் நீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டிருந்தது. 2018 தீர்ப்பு வந்தபோது பாப்பாவுக்கு ஒன்பது வயது. அன்றைக்கும் அவள் தாயிடம் இல்லை.