புருவமும் மீசையும்

மக்கள் உறுப்புக்களுள் முதற்கண் பிறர் பார்வையிற் படுவது முகமே. அம்முகத்திற்கு வரம்பும் பொலிவும் தருவன புருவமும், மீசையும், தாடியுமாம். புருவம் நெற்றி வியர்வை கண்ணில் இறங்காவாறு தடுத்து நிற்கிறது. உள்ளத்தில் எழும் வியப்பையும் சினத்தையும் ஐயத்தையும் வாய் திறவாமலே பிறர்க்கு உணர்த்துகிறது. மீசையும் தாடியும் சிறுவன் ஆடவனானதை அறிவிக்கின்றன. இயற்கை இவற்றிற்கு வகுத்த பணி இவ்வளவே. ஆயினும் மக்கள் இவற்றின்மீது அழகு, துயர், வீரம், சமயம், அதிகாரம் ஆகிய பல கருத்துக்களை ஏற்றிவைத்துள்ளனர். அக்கருத்துக்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும், அவற்றால் நேர்ந்த நன்மை தீமைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டுப் புலவர்கள் புருவத்தை வில்லுக்கு ஒப்பிட்டனர். சிற்பிகள் அதனை வில்லைப் போலவும் வேப்பிலையைப் போலவும் அமைத்தனர். பரத முனிவரின் நாட்டிய நூல் புருவத்தின் அசைவுகளை ஏழு வகையாகப் பிரித்து ஓதுகிறது. புருவத்தை உயர்த்தினால் ஒரு பொருள், நெரித்தால் மற்றொரு பொருள். மீசையோ நம்மிடையே மானத்தின் அறிகுறியாயிற்று. 'மீசை துடித்தது', 'மீசையை முறுக்கினான்', 'மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நாம் வழங்கும் தொடர்களை நோக்குக. அவற்றில் பேசப்படுவது மயிரன்று; மானமே ஆகும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் பழமொழி, வயிற்றுக்கும் பெருமைக்கும் இடையே அகப்பட்டவன் நிலையை நகையோடு உரைக்கிறது.

தந்தை இறந்தக்கால் மகன் மீசையும் தாடியும் மழித்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டிற் பலரிடையே உண்டு. இதனையொத்த வழக்கம் பழைய எகிப்திலும் இருந்தது. வீட்டில் வளர்த்த பூனை தானாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் தம் புருவங்களை மழித்துத் துயர் காத்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு எழுதிவைத்துள்ளார். அந்நாட்டு மன்னர்களோ அரசுரிமையின் அடையாளமாகப் பொய்த்தாடி அணிந்தனர். ஏட்செப்சுட்டு என்னும் பெண் அரசுகட்டில் ஏறியபோது, அவளுடைய சிலைகளிலும் அத்தாடி இடம்பெற்றது. ஆட்சிக்கு உரிய அடையாளம் அதனை ஏற்கும் முகம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று பார்க்கவில்லை.

இனி, கிழக்கே சப்பான் நாட்டை நோக்குவோம். கி.பி. 794 முதல் 1185 வரை நீடித்த காலத்தை அந்நாட்டார் எய்யன் காலம் என்பர். அக்காலத்து அரண்மனைப் பெண்டிர் தம் புருவமயிரைப் பறித்து நீக்கினர். நெற்றியின் மேற்பகுதியில் மையினால் வேறு புருவம் தீட்டிக்கொண்டனர். பற்களையும் கருநிறமாக்கிக்கொண்டனர். வெண்பற்களும் இயற்கைப் புருவமும் நாகரிகமற்றனவாக அவர்க்குத் தோன்றின. நாம் முத்துப்போன்ற பல் என்று போற்றுவதை அவர் மறைக்க விரும்பினர். அழகு என்பது பொருளில் மட்டும் இல்லை, காண்பார் பழக்கத்திலும் உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்நாட்டுப் பழங்கதை ஒன்றில் பூச்சிகளை விரும்பும் பெண் ஒருத்தி வருகிறாள். உயர்குடியிற் பிறந்த அவள் கம்பளிப்புழுக்களைப் பெட்டிகளில் இட்டு வளர்த்து, அவை எவ்வாறு வண்ணத்துப்பூச்சிகளாக மாறுகின்றன என்று நாள்தோறும் உற்றுநோக்குவாள். தோன்றிய வடிவை மட்டும் கண்டு மகிழாமல், அதன் மூலத்தை ஆராய்வதே அறிவு என்பது அவள் கொள்கை. ஆதலின் அவள் தன் புருவத்தைப் பறிக்க இசையவில்லை. பல்லைக் கருக்கவும் மறுத்தாள். பணிப்பெண்கள் அவள் புருவமும் கம்பளிப்புழுவைப் போன்றே இருக்கிறது என்று தமக்குள் நகைத்தனர். பெற்றோர் ஊரார் பழிக்கு அஞ்சி வருந்தினர். அவளோ, எல்லாரும் விரும்பி உடுக்கும் பட்டும் சிறகு முளையாத புழுவினிடமிருந்தே வருகிறது என்று அமைதியாக எடுத்துரைத்தாள். எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட அக்கதையில், அறிவுடைய பெண் ஒருத்தி தன் முகத்தைப் பிறர் விருப்பத்திற்கு ஒப்படைக்க மறுத்ததைக் காண்கிறோம்.

பின்னர் அவ்வழக்கம் மணமான பெண்டிரிடையே பரவிப் பல நூற்றாண்டு நிலைத்தது. 1870-ஆம் ஆண்டில் சப்பானிய அரசு உயர்குடியினர் புருவம் நீக்குவதையும் பல் கருக்குவதையும் தடுத்தது. 1873-இல் அந்நாட்டுப் பேரரசியே அக்கோலத்தைக் கைவிட்டார். பேரரசியைப் பார்த்துப் பிறரும் மெல்ல மெல்ல மாறினர். பணிப்பெண்கள் எள்ளி நகைத்த இயற்கைப் புருவமே பிற்காலத்தில் நாகரிகமாயிற்று.

அரசு தடையோடு நில்லாமல் கத்தியையும் கையில் எடுத்த கதை உருசிய நாட்டில் நிகழ்ந்தது. மன்னர் முதலாம் பீட்டர் மேலை நாடுகளிற் சுற்றி, கப்பல் கட்டும் தொழில் முதலியவற்றைக் கற்று, 1698-ஆம் ஆண்டு மாசுக்கோ நகர்க்கு மீண்டார். தம்மை வரவேற்க வந்த பெருமக்களின் நீண்ட தாடிகளைத் தம் கையாலேயே வெட்டினார். தாடியற்ற மேலை நாட்டாரைப் போலத் தம் மக்களும் தோன்றினால் நாடு முன்னேறும் என்று அவர் கருதினார். ஆனால் உருசியருள் பலர், தாடி இறைவன் தந்த வடிவின் ஒரு கூறு என்றும், அதனை மழிப்பது பாவம் என்றும் நம்பினர்.

1705-இல் அம்மன்னர் தாடிக்கு வரி விதித்தார். பெருவணிகர் ஆண்டுக்கு 100 உரூபிள் செலுத்த வேண்டும். அரண்மனை அலுவலர் 60 உரூபிள் செலுத்த வேண்டும். நாட்டுப்புற உழவர் நகர வாயிலைக் கடக்குந்தோறும் சிறு காசு கொடுக்க வேண்டும். குருமார்க்கு மட்டும் விலக்கு உண்டு. வரி செலுத்தியவர்க்குச் செப்பு வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதில் மூக்கும் மீசையும் தாடியும் பொறிக்கப்பட்டு, பணம் பெறப்பட்டது என்னும் பொருளுடைய எழுத்துக்களும் இருந்தன. அக்காலத்து உருசியாவிற் பணிபுரிந்த சான் பெரி என்னும் ஆங்கிலப் பொறியாளர், முதிய தச்சர் ஒருவரைப்பற்றிக் கூறுகிறார். தாடி இழந்து வந்த அம்முதியவரை அவர் வேடிக்கையாக வினவினாராம். தச்சரோ தம் மார்பிற் கைவிட்டு, வெட்டுண்ட தாடியை எடுத்துக் காட்டினாராம். தாம் இறந்தபின் அதனைத் தம்மோடு பெட்டியில் வைத்துப் புதைக்குமாறு செய்யப்போவதாகவும், மறுமையில் அதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்றும் அவர் மறுமொழி பகர்ந்தார். மன்னர்க்கு அது மயிர். தச்சர்க்கோ அஃது உயிரோடு ஒட்டிய நம்பிக்கை. அவ்வரி 1772-இல் நீக்கப்பட்டது. நாட்டை முன்னேற்றிய கப்பல்களையும் கல்விச்சாலைகளையும் வரலாறு போற்றுகிறது. தாடி வரியையோ நகையோடு நினைவுகூர்கிறது.

நம் தமிழகத்தில் நிகழ்ந்தது நகைக்குரியதன்று. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படைத்தலைவர் சர் சான் கிரதோக்கு, 1805-ஆம் ஆண்டு நவம்பரில் சிப்பாய்கட்குப் புதிய ஆணை ஒன்று பிறப்பித்தார். அணிவகுப்பில் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது, காதணி கூடாது, முகவாயை மழித்தல் வேண்டும், மீசையை ஒரே மாதிரியாகத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும் என்பன அவ்வாணையின் கூறுகள். தோலாலான குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகையும் வந்தது. இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே மனம் புண்பட்டனர். தம்மை வேற்றுச் சமயத்திற் சேர்க்கும் சூழ்ச்சி இது என்று அஞ்சினர். தலைப்பாகையை ஏற்க மறுத்தவர்க்குக் கசையடி கிடைத்தது.

1806-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை விரைந்து வந்து கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிர் துறந்தனர். மீசையும் தாடியுமே இதற்கு முழுக் காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அயலார் ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பும், அக்கோட்டையில் திப்புவின் மக்கள் காவலில் இருந்தமையும் உடன்நின்ற காரணங்களாம். எனினும், உலர்ந்த விறகின்மேல் விழுந்த தீப்பொறி அவ்வாணையே. பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. படைத்தலைவரும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டனர்.

அதே ஆங்கிலேயர், பிற்காலத்தில் தம் படைவீரர் மேலுதட்டை மழிக்கலாகாது, மீசை வைத்தே தீரவேண்டும் என்று விதி வகுத்தனர் என்பது வியப்பன்றோ? அவ்விதி 1916 வரை நடப்பில் இருந்தது. தாடி வளர்க்கவோ பிரித்தானியத் தரைப்படையினர்க்கு 2024-ஆம் ஆண்டிலேதான் பொதுவான இசைவு கிடைத்தது. முகத்து மயிர் வீரத்திற்கு இன்றியமையாதது அன்று, இடையூறும் அன்று என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களே! ஆணையிடுவது அரசு மட்டுமே என்று எண்ணாதீர். ஊர் வழக்கமும் ஆணையிடும், ஏளனமும் ஆணையிடும், சாதிச் செருக்கும் ஆணையிடும். 2017-ஆம் ஆண்டில் குசராத்து மாநிலத்தில், மீசை வைத்துக்கொண்டதைக் குற்றமாகக் கருதி, ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞர்கள் தாக்கப்பட்டனர் என்னும் செய்தி வெளிவந்தது. அது கேட்ட அவ்வகுப்பு இளைஞர் பலர் தம் மீசைகளைப் படமெடுத்து உலகறிய வெளியிட்டனர். எல்லாரும் சமம் என்று 1950 முதல் நம் அரசியலமைப்புச் சட்டம் முழங்கும் நாட்டில், ஒருவன் தன் முகத்தில் முளைத்த மீசைக்கு மற்றொருவனிடம் இசைவு கேட்க வேண்டுமோ?

உங்கள் வகுப்பிலும் மீசை அரும்பியவன் இருப்பான், அரும்பாதவனும் இருப்பான். புருவம் அடர்ந்தவளும், புருவம் அருகியவளும் இருப்பர். சமயம் பற்றியோ துயர் பற்றியோ முடி நீட்டியவரும் மழித்தவரும் இருப்பர். அவரைப் பெயரிட்டு நகைப்பவர், பூச்சி விரும்பிய பெண்ணைப் பார்த்து நகைத்த பணிப்பெண்களின் வரிசையில் நிற்பவராவர். திருவள்ளுவர் தவவேடத்தைப்பற்றிப் பேசும் இடத்தில், உலகம் பழிப்பவற்றை ஒருவன் ஒழித்துவிடுவானாயின், தலைமயிரை மழிப்பதும் வேண்டா, நீட்டுவதும் வேண்டா என்னும் கருத்தை நிலைநாட்டினார். அவர் துறவிக்குச் சொன்ன அது நமக்கும் பொருந்தும். முகத்து மயிரை எவ்வாறு வைப்பது என்பது அவரவர் விருப்பம். பிறர் முகத்தை எவ்வாறு நோக்குவது என்பதே நம் ஒழுக்கம்.

வினாக்கள்

1. சப்பானிய அரண்மனைப் பெண்டிரின் புருவ வழக்கத்தை விளக்குக. அது எவ்வாறு மறைந்தது?

2. பூச்சி விரும்பிய பெண்ணின் கொள்கை யாது? அவள் செயல்களோடு அஃது எவ்வாறு பொருந்துகிறது?

3. 'மன்னர்க்கு அது மயிர்; தச்சர்க்கோ அஃது உயிரோடு ஒட்டிய நம்பிக்கை' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

4. வேலூர்க் கிளர்ச்சிக்கு அமைந்த காரணங்களைத் தொகுத்து எழுதுக.

5. மீசை, புருவம் என்னும் சொற்கள் பயிலும் தொடர்கள் ஐந்தினைத் திரட்டி, வாக்கியங்களில் அமைத்துக் காட்டுக.