நேர்முகத் தேர்வும் முதல் எண்ணமும்

ஓர் உத்தியோகத்திற்கு வேண்டிய கல்வியைப் பெறப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அக்கல்வியைப் பெற்றவர் அந்த உத்தியோகத்திற்குத் தக்கவர்தாமா என்று முடிவு செய்யப் பல இடங்களில் பதினைந்து நிமிஷங்களே செலவாகின்றன. மக்கள் வழக்கில் இண்டர்வியூ என்று சொல்லப்படும் நேர்முகத் தேர்வைப் பற்றி நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதன் காரணம் இதுவே.

கன்னியாகுமரி மாவட்டம் எழுத்தறிவில் முன்னிற்பது யாவரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர்; தமிழ்நாட்டு மாவட்டங்களுள் இதுவே முதலிடம். நாஞ்சில் நாடு என வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் சிற்றூர்களில் இன்று பட்டம் பெறாத பிள்ளைகள் உள்ள வீடுகளைத் தேடித்தான் காண வேண்டும். எனினும், எழுத்துத் தேர்வில் தேறிய பின்னும் நேர்முகத் தேர்வில் தடுமாறி வீடு திரும்புவோர் உளர். கழனி வேலை செய்து படிக்க வைத்த பெற்றோருக்கு அத்தடுமாற்றம் ஓர் ஆண்டு வருமான இழப்பாக முடிகிறது. ஆகவே, அத்தடுமாற்றத்தின் காரணத்தையும் அதனை நீக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

முதல் எண்ணம் என்பது யாது?

ஒருவரைக் கண்டவுடன் நம் மனத்தில் அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் எழுகிறது. அமெரிக்க நாட்டின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டனர். முன்பின் அறியாத ஒருவரின் முகப்படத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே பார்த்தவர்கள்கூட, அவர் நம்பத்தக்கவரா, திறமையுள்ளவரா என்று முடிவு கட்டிவிட்டதை அவர்கள் கண்டனர். பார்க்கும் நேரத்தைக் கூட்டியபோது அம்முடிவு பெரிதும் மாறவில்லை. தம் முடிவு சரியே என்னும் உறுதி மட்டும் மிகுந்தது.

இதற்கு நெடுங்காலம் முன்பே, 1920இல், எட்வர்டு தார்ண்டைக் என்னும் உளநூல் அறிஞர் மற்றோர் உண்மையை எடுத்துக்காட்டினார். படை அதிகாரிகள் தம் கீழ்ப் பணியாற்றுவோருக்கு மதிப்பெண் இட்டபோது, தோற்றத்தில் சிறந்தவர் என்று கருதப்பட்டவருக்கே அறிவிலும், தலைமையிலும், ஒழுக்கத்திலும் மதிப்பெண் மிகுந்திருந்ததாம். ஒரு குணத்தின் ஒளி மற்றக் குணங்கள்மீதும் பரவிவிடுகிறது. ஒரு குறையின் நிழலும் அவ்வாறே பரவக்கூடும்.

சட்டம் தந்த பாதுகாப்பு

இவ்வாறு விரைந்து எழும் எண்ணம் எப்போதும் நீதியானதாக இராது. இதனை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் கருத்திற் கொண்டுள்ளது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மூன்று நிமிஷங்களே நீடித்த அந்நேர்முகத்தில் பாடத்திற்குத் தொடர்பில்லாத கேள்விகள் கேட்கப்பட்டன என்பது முறையீடு. மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு 15க்கு மேல் நேர்முகத்திற்கு ஒதுக்குவது முறையன்று என்று 1980இல் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நன்று என்றும் எடுத்துரைத்தது.

2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 1 தேர்வில் தர வரிசைக்குரிய 850 மதிப்பெண்களில் நேர்முகத்திற்கு உரியவை 100 மட்டுமே. ஆதலால், நேர்முகத் தேர்வு என்றவுடன் நடுங்குவதற்குக் காரணம் இல்லை. ஆயினும், உயர் பணிகளிலும், தனியார் நிறுவனங்களிலும், கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஏற்பாடு செய்யும் தனியார் துறை முகாம்களிலும் அது இருந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நாம் ஆயத்தமாக வேண்டும்.

ஆயத்தம்

முதலாவது, நேரம். தெரிசனங்கோப்பிலிருந்தோ கடுக்கரையிலிருந்தோ நாகர்கோவிலுக்கு வரும் ஒருவர், தேர்வுக்கு உரிய நேரத்தைக் கணக்கிட்டு வரும் கடைசிப் பேருந்தை நம்பலாகாது; அதற்கு முந்திய பேருந்திலேயே புறப்பட்டுவிட வேண்டும். சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கு செல்பவர் முந்திய நாளே சென்று சேர்வது அவசியம். இரவு முழுதும் இரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரியும். முதலிற் காணப்படுவதும் முகமே.

இரண்டாவது, சான்றிதழ்கள். அழைப்புக் கடிதத்தில் கேட்கப்பட்டவற்றை அதே வரிசையில் அடுக்கி, மூலத்தை ஓர் உறையிலும் நகலை மற்றோர் உறையிலும் வைத்துக்கொள்க. நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுவது. ஆகையால் நீர் புகாத உறை வேண்டும். கேட்ட தாளை உடனே எடுத்து நீட்டுபவர், வாய் திறவாமலே தம்மை ஒழுங்குள்ளவர் என்று காட்டிவிடுகிறார்.

மூன்றாவது, உடை. விலையுயர்ந்த உடைக்குக் கடன் வாங்க வேண்டாம். துவைத்துத் தேய்த்த, உடலுக்குப் பொருந்திய, ஏற்கெனவே உடுத்திப் பழகிய உடையே சிறந்தது. அன்றுதான் முதன்முதலாக அணிந்த புதுச் செருப்பு நடையையே கெடுத்துவிடும். வெட்டிய நகமும், வாரிய தலையும், துடைத்த செருப்பும் காசு கேட்பதில்லை.

அறைக்குள்ளே

அனுமதி பெற்று உள்ளே சென்று, இருப்போர் அனைவரையும் நோக்கி வணக்கம் கூறுக. அமரச் சொன்ன பின் அமர்க. கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்து விடை கூறுக. பெரியவர் முன் தலை குனிந்து நிற்பது நம் வீடுகளில் மரியாதை. தேர்வுக்குழு முன்னரோ அது அச்சம் என்று கொள்ளப்பட்டுவிடும். முகம் பார்த்துப் பேசுதல் மரியாதைக் குறைவன்று என்பதை நம் பெண்மக்களுக்குச் சிறப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பேச்சு வழக்கைப் பற்றிப் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. தண்ணீரை ‘வெள்ளம்’ என்பதும், மெல்ல என்பதற்குப் ‘பைய’ என்பதும் பிற மாவட்டத்தாருக்கு வியப்பூட்டலாம். ‘பைய’ என்னும் சொல் திருக்குறளிலேயே இடம் பெற்றது. நம் வழக்கு இழிவானதன்று. ஆயினும், கேட்போருக்கு விளங்கப் பேசுவது பேசுவோர் கடமை. ஆதலின், பொதுத் தமிழில் நிதானமாகவும் சொல் சிதையாமலும் பேசப் பழகுக. ஆங்கிலத்தில் கேட்டால், தெரிந்த சிறு வாக்கியங்களில் விடை தருக. மனப்பாடம் செய்த நீண்ட வாக்கியம் பாதியில் அறுந்து போவதைவிட அது நன்று. ஆங்கிலம் போதாதவிடத்து, தமிழில் விடையளிக்க அனுமதி கேட்பதிலும் தவறு இல்லை.

தன் ஊரை அறிதல்

பெரும்பாலும் முதற் கேள்வி, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதாகவே அமைகிறது. இங்கேதான் நம் இளைஞர் பலர் தோற்கின்றனர். தந்தையார் தொழிலைக் கேட்டால், “சும்மா விவசாயம்” என்று குரலைத் தாழ்த்துகின்றனர். அக்குரலே குழுவினர் மனத்தில் முதல் எண்ணமாகப் பதிகிறது. “இரண்டு ஏக்கர் நெல், கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம், வரவு செலவுக் கணக்கை நானே எழுதிவருகிறேன்” என்று நிமிர்ந்து சொன்னால் நிலைமை வேறு. அதில் உண்மையும், பொறுப்பும், கணக்கறிவும் ஒருங்கே வெளிப்படுகின்றன. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் தாயுடன் சென்று விலை பேசிய ஒரு பெண், வாணிபத்தைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாத சிலவற்றை அறிந்திருப்பாள். அதை அவள் மறைக்க வேண்டியதில்லை.

ஊரைப் பற்றியும் கேட்பார்கள். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்ததும், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்ததும், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூரிலும் ஜீவானந்தம் பூதப்பாண்டியிலும் பிறந்ததும், கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றதும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். தன் ஊரைக் கவனித்தவன் வேலையையும் கவனிப்பான் என்ற நம்பிக்கை கேட்போருக்கு உண்டாகும்.

விடை தெரியாவிடில், “தெரியவில்லை, ஐயா” அல்லது “தெரியவில்லை, அம்மா” என்று தெளிவாகச் சொல்லிவிடுக. ஊகித்துச் சொன்ன பொய் விடை அடுத்த கேள்வியிலேயே வெளிப்பட்டு, அதுவரை பெற்ற நல்லெண்ணத்தையும் அழித்துவிடும்.

தேர்வு செய்வோர்க்கு

கூட்டுறவுச் சங்கம், பள்ளி நிர்வாகம், தொழிற்கூடம் முதலியவற்றில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் நம் ஊர்ப் பெரியோரும் அமர்கின்றனர். அவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆராய்ச்சி முடிவுகள் பலவற்றைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்னும் அறிஞர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரை, முன்கூட்டி வகுத்த முறையில் நடத்தும் நேர்முகம் மனம்போன போக்கில் நடத்துவதைவிடச் சிறப்பாகத் தக்கவரைக் காட்டுகிறது என்கிறது. ஆகவே, வேலைக்குத் தொடர்புள்ள கேள்விகளை முன்பே எழுதி வைத்து, எல்லோரிடமும் அவற்றையே கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அப்போதைக்கப்போதே மதிப்பெண் இடுக. சாதியையோ குடும்பத்தையோ துருவும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஏழைப் பிள்ளையின் சட்டைக் காலர் நைந்திருந்தால், அது அவன் அறிவின் அளவுகோல் ஆகாது.

பயிற்சி

நீந்துவது நீரில் இறங்கினால்தான் வரும். ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளி வராந்தாவிலோ வாரம் ஒரு மாலை நான்கு பேர் கூடுக. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரையும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவரையும் கேள்வி கேட்க அழைத்துக்கொள்க. ஒருவர் விடையளிக்க, மற்றவர் குறித்துக்கொள்க: கதவருகே தயங்கினாரா? குரல் தெளிவாக இருந்ததா? ஊரையும் தொழிலையும் பற்றிக் கூறியது உண்மைதானா? ஆறு வாரங்கள் இவ்வாறு பழகினால் நடுக்கம் குறையும். பின்னர் இருக்கைகளை மாற்றி, இளைஞரே கேள்வி கேட்கட்டும். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அப்போது தானே விளங்கும்.

முதல் எண்ணம் ஒரு நொடியில் எழுகிறது. அந்த ஒரு நொடிக்கு வேண்டிய ஒழுங்கும் உண்மையும் நாள்தோறும் வீட்டிலும் வயலிலும் பழகி வருவன. அவற்றைத் தலை நிமிர்ந்து எடுத்துச் சொல்லும் துணிவை நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது, ஊராட்சிக்கும், நூலகத்திற்கும், ஊர்ப் பெரியோர்க்கும் உரிய பணியாகும். அப்பணியை இவ்வாரமே தொடங்குவோமாக.