அப்ரண்டிஸ் டு பி.டெக்.: அம்பகரத்தூரிலிருந்து ஒரு ரூட் மேப்

ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படியே பர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்பார்கள். அந்த நினைப்பை முதல் நாளே விட்டுவிடுங்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்பதை நிறுவனமே தன் பாலிசியில் முடிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. ரயில்வேயில் லெவல்-1 வேலைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறது.

காரைக்காலில் ஓ.என்.ஜி.சி. இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, திருப்பட்டினம் பக்கம் போலகத்தில் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. வேலை இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்பேனர் பிடிப்பவருக்கும் ஷிப்ட் இன்சார்ஜுக்கும் நடுவில் நிற்பது ஒரு டிப்ளமோ. அவருக்கும் இன்ஜினியருக்கும் நடுவில் ஒரு பி.டெக். அதை எப்படித் தாண்டுவது என்று பார்ப்போம்.

1. எந்தப் பேப்பர் எந்தக் கதவைத் திறக்கும்?

அப்ரண்டிஸ் முடித்ததும் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் வரும். வேலைக்கு அது நல்ல சரக்கு. கல்லூரி அட்மிஷனுக்கு உதவாது. அங்கே செல்லுபடியாவது ஐ.டி.ஐ. சான்றிதழ்தான். பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பொருத்தமான பிரிவில் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் படித்தவர்களுக்குக் கவலையில்லை. வெல்டர், கோபா போன்ற ஒரு வருட டிரேடுக்கு இந்த வழி கிடையாது. ஐ.டி.ஐ. சேரும்போதே இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததுதான் பெரிய கொடுமை.

டிப்ளமோவில் 45 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40) எடுத்தால் பி.டெக். இரண்டாம் ஆண்டு லேட்டரல் என்ட்ரி. கணக்குப் போடுங்கள். ஐ.டி.ஐ. 2, டிப்ளமோ 2, பி.டெக். 3, பத்தாம் வகுப்புக்குப் பிறகு மொத்தம் 7 வருடம். பிளஸ் டூ வழியாகப் போன உங்கள் கிளாஸ்மேட்டுக்கு 6. ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். அப்ரண்டிஸையும் சேர்த்தால் இரண்டு. அதற்கு ஈடாக மெஷினைக் கையால் தொட்ட அனுபவம் உங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை.

2. அப்ரண்டிஸ் வருடத்தை எங்கே வைப்பது?

ஐ.டி.ஐ.க்குப் பிறகு வைக்கலாம், டிப்ளமோவுக்குப் பிறகு வைக்கலாம், பி.டெக்.குக்குப் பிறகும் வைக்கலாம். வீட்டில் பணம் அவசரம் இல்லையென்றால், என் ஓட்டு டிப்ளமோவுக்குப் பிறகு. ஐ.டி.ஐ. முடித்த சூட்டோடு பாலிடெக்னிக் போனால் பாடம் மறக்காது. தவிர, பல பிளான்ட்களில் ஐ.டி.ஐ. அப்ரண்டிஸை டெக்னீஷியனோடு அனுப்புவார்கள், டிப்ளமோ அப்ரண்டிஸை சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அடுத்த நாற்காலி எது என்று பார்த்து உட்காருங்கள்.

பணம் வேண்டுமா? ஐ.டி.ஐ. முடித்ததுமே சேருங்கள், தப்பில்லை. 2019 விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ.க்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய். எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து 5,000 முதல் 9,000 வரை இருந்த இந்த வரம்பை 6,800 முதல் 12,300 வரை உயர்த்த 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது. கையெழுத்துப் போடும் அன்று நடப்பு ரேட் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஓ.என்.ஜி.சி. அப்ரண்டிஸ் அறிவிப்பில் தெற்குப் பிரிவின் கீழ் காரைக்காலும் வரும். அங்கே எழுத்துத் தேர்வு இல்லை, படிப்பில் எடுத்த மார்க்தான் மெரிட். "ஐ.டி.ஐ. மார்க்கை யாரு பாக்கப் போறா" என்று சொல்பவரை நம்பி ஏமாறாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். டிப்ளமோ, டிகிரி அப்ரண்டிஸில், அந்தப் படிப்பை முடித்த பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலையோ பயிற்சியோ இருந்தால் தகுதி போய்விடும். "சும்மா இருக்க வேண்டாமே" என்று சின்னக் கம்பெனியில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வந்தால் கதவு மூடியிருக்கும். அதேபோல, கல்லூரி சீட் கிடைத்துவிட்டது என்று கான்ட்ராக்டை நடுவில் உதறிவிட்டு ஓடாதீர்கள். பயிற்சிச் செலவை உங்களிடமே வசூலிக்க விதியில் இடமுண்டு. அட்மிஷன் சீசனையும் கான்ட்ராக்ட் முடியும் தேதியையும் முதலிலேயே பொருத்திப் பாருங்கள்.

3. மேத்ஸ், மேத்ஸ், மேத்ஸ்

லேட்டரல் என்ட்ரியில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதலாம் ஆண்டைத் தாண்டிக் குதிப்பதால் மேட்ரிக்ஸ், டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் எல்லாம் உங்களுக்கு நடத்தப்படாமலே போயிருக்கும். மூன்றாம் செமஸ்டர் புரொபசர் அதெல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் போர்டில் எழுத ஆரம்பிப்பார். பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தச் சொல்லி ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கிறது. அது எவ்வளவு சீரியஸாக நடக்கும் என்பது கல்லூரியைப் பொறுத்தது. எனவே அப்ரண்டிஸ் வருடத்தில் தினம் ஒரு மணி நேரம் முதலாண்டு டிப்ளமோ கணிதப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். ஷிப்ட் முடிந்து காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வழியே வீடு திரும்பும் பஸ்ஸில் ரீல்ஸ் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் போதும். இங்கிலீஷ் டெக்னிக்கல் வார்த்தைகளையும் அதே நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

4. கையில் கற்றதைப் பேப்பரில் ஏற்றுங்கள்

சென்ட்ரிஃபியூகல் பம்ப் ஓடும்போது உள்ளே சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் வந்தால் அது கேவிட்டேஷன் என்று பழகிய ஃபிட்டருக்குக் காதாலேயே தெரியும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து, நீர் குமிழாகி, அந்தக் குமிழ்கள் இம்பெல்லர் மேல் உடைகின்றன. பி.டெக். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் இதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. சத்தத்தையும் தெரிந்து, சமன்பாட்டையும் எழுதத் தெரிந்தவர்தான் இன்டர்வியூவில் ஜெயிப்பார். அதனால் தினமும் ஒரு நோட்டில் எந்த மெஷின், என்ன கோளாறு, என்ன ரீடிங், என்ன செய்தார்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள். டிப்ளமோ புராஜெக்ட்டுக்கான தலைப்பு அதிலிருந்தே கிடைக்கும். சீனியர் ஃபோர்மேன் ஒருவரிடம் நல்ல பெயர் வாங்குங்கள். ரெஃபரன்ஸ் அவர்தான்.

5. எல்லைக்கோடு ஜாக்கிரதை

பேரளம் பக்கம் போய்விட்டால் தமிழ்நாடு. அங்கே இருக்கும் உங்கள் மாமா மகன் தமிழ்நாட்டின் நேரடி இரண்டாமாண்டு கவுன்சலிங்கில் விண்ணப்பிப்பார். அவர் பார்ம் போடும் தேதியைப் பார்த்து நீங்கள் காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் புதுச்சேரியின் அட்மிஷன் கமிட்டியான சென்டாக். தேதி வேறு, கேட்கும் பேப்பர் வேறு. குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றிதழ்களை அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவருக்கு யாரும் இரக்கப்பட மாட்டார்கள். நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சம். கட்டணத்துக்குப் புதுச்சேரி அரசின் காமராஜர் கல்வி நிதியுதவித் திட்டத்தையும் விசாரியுங்கள்.

6. ஷார்ட்கட் விற்பவர்கள்

"வேலை பாத்துக்கிட்டே தபால்ல பி.டெக்." என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அஞ்சல் வழி இன்ஜினியரிங் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் சொல்லிவிட்டது. ஏ.எம்.ஐ.இ.யும் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே டிகிரிக்குச் சமம்.

தொழிற்பயிற்சியைக் கிரெடிட்டாகக் கணக்கிட்டுப் படிப்போடு இணைக்கும் தேசிய கிரெடிட் ஃபிரேம்வொர்க் 2023-இல் வந்தது. நல்ல விஷயம். இலங்கையில் ஏற்கெனவே இப்படி என்.வி.க்யூ. என்ற தொழில் தகுதிப் படிகளில் ஏறி, இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் ஏழாம் நிலையான டிகிரி வரை போக வழியுண்டு. இங்கே அது பழக்கத்துக்கு வரும்வரை மார்க் ஷீட்டை நம்புங்கள்.

7. திருவேட்டக்குடி

பக்கத்திலேயே என்.ஐ.டி. இருந்தும் நமக்கில்லை என்று பெருமூச்சு விடாதீர்கள். அங்கே பி.டெக். ஜே.இ.இ. மெயின் வழியாக. எம்.டெக். கேட் தேர்வு வழியாக. லேட்டரலில் பி.டெக். சேர்ந்தவரும் மூன்றாம் ஆண்டிலிருந்தே கேட் எழுதலாம். ஸ்கோரோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.