நோயுற்ற கோழிகளையும் காயமுற்ற குஞ்சுகளையும் பேணும் முறை

சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

கிராமங்களில் நிலமும் மாடும் இல்லாத குடும்பங்கள் பல உண்டு. ஆனால் அவற்றிலும் சில கோழிகளேனும் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், திடீரென வந்த விருந்துக்கும், சங்கத்துத் தவணையில் குறைந்த தொகைக்கும் கைகொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் வளர்க்கும் கோழியே. அவ்வாறிருந்தும், மாடு ஒருவேளை தீனி தின்னாவிடில் ஊரைக் கூட்டும் நாம், கோழி மூலையில் ஒடுங்கி நின்றால் கவனிப்பதில்லை. ஒன்று அது தானே தேறும் என்று விட்டுவிடுகிறோம். அல்லது இறந்துபோகுமுன் சந்தையில் தள்ளிவிடுகிறோம். முதலாவது செய்கையால் ஒரு கோழி நஷ்டமாகும். இரண்டாவது செய்கையால் ஓர் ஊரே நஷ்டமடையும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை இப்பாடம் விளக்கும்.

1. முதலில் அறிய வேண்டுவது

கோழி தன் நோயை மறைக்கும் இயல்புடைய பறவை. கூட்டத்தில் மெலிந்ததை மற்றவை கொத்தும்; பகைப்பிராணிகளும் அதனையே முதலில் பிடிக்கும். ஆதலால் நோய் முற்றும்வரை அது நலமுள்ளதுபோலவே நடமாடும். நாம் கண்ணால் காணும்பொழுது நோய் சில நாட்கள் வளர்ந்திருத்தல் கூடும்.

இதனை முன்னதாக அறிவதற்குத் தக்க வேளை காலையில் பஞ்சாரம் திறக்கும் நேரமே. நலமுள்ள கோழி முந்திக்கொண்டு வெளிவந்து தீனியை நோக்கி ஓடும். கடைசியில் வருவதையும், வராமல் நிற்பதையும் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கொண்டை வெளிறியோ கறுத்தோ இருக்கின்றதா? இறகுகள் சிலிர்த்திருக்கின்றனவா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றதா? எச்சம் பச்சையாகவோ, சுண்ணாம்பு நீர் போலவோ, இரத்தம் கலந்தோ உள்ளதா? கழுத்தடியிலுள்ள இரைப்பை இரவில் காலியாகிவிட வேண்டும். காலையிலும் அது கெட்டியாக நிரம்பியிருந்தால் உள்ளே அடைப்பு உண்டென்று அறியலாம். இறுதியாக மார்பெலும்பைத் தடவுக. அது கத்திமுனைபோல் கைக்குத் தட்டுமாயின் கோழி பல நாட்களாக மெலிந்து வந்துள்ளது.

2. தனியே பிரித்தல்

எந்த மருந்துக்கும் முற்பட்டது தனிமையே. நோயுற்றதென்று சந்தேகம் தோன்றிய அந்தக் கணமே அதனை மற்றவற்றினின்றும் பிரித்து, காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில் ஒரு கூடையிலோ பெட்டியிலோ வைத்தல் வேண்டும். அடியில் உலர்ந்த உமியோ வைக்கோலோ பரப்பி, நாள்தோறும் மாற்றுக. தண்ணீர்ச் சட்டியும் தீனித் தட்டும் அதற்கென்றே வேறாக இருத்தல் அவசியம். நலமுள்ள கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனித்து, பின்னர்ச் சோப்பினால் கைகால்களைக் கழுவிக்கொள்க. முறையை மாற்றிச் செய்தால் நம் கையே நோயைச் சுமந்து செல்லும்.

நோயுற்ற கோழி பட்டினியால் இறப்பதைக் காட்டிலும் தாகத்தால் இறப்பதே விரைவு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு மேசைக்கரண்டி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைக்கலாம். தானே குடிக்க இயலாவிடில், அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு துளியாக விட்டு, அது விழுங்கியபின் அடுத்ததை விடுக. வாயைப் பிளந்து சங்கினால் ஊற்றுதல் கூடாது. கோழியின் மூச்சுக்குழல் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் அதனுட் சென்று, பிழைக்கக்கூடிய கோழியும் மூச்சடைத்து மாண்டுபோகும்.

3. குஞ்சுகளைப் பேணுதல்

குஞ்சு முட்டையினின்று வெளிவரும்பொழுது மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி அதன் வயிற்றினுள் இருக்கும். அதனால் இரண்டு நாட்கள் வரையில் தீனியின்றியும் அது உயிர் தாங்கும். ஆகையால் முதல் நாளிலேயே தீனியைத் திணிக்க வேண்டுவதில்லை. அதற்கு உடனே வேண்டுவது வெப்பமே. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமை இளங்குஞ்சுக்கு இல்லை. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட் சூடு தேவை. பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி வீதம் குறைக்கலாம். சூட்டுமானி இல்லாதவர் குஞ்சுகளையே சூட்டுமானியாகக் கொள்ளலாம். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கத்தினால் குளிர் மிகுதி. விளக்கைவிட்டு விலகி, வாய் பிளந்து நின்றால் சூடு மிகுதி. எங்கும் பரவி அமைதியாகத் திரிந்தால் சூடு அளவாக உள்ளது.

நனைந்து விறைத்த குஞ்சை அடுப்பருகே நெருப்புச் சூட்டில் வைத்தல் தவறு. துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, உள்ளங்கையிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ மெதுவாக வெதுவெதுப்பாக்குக. தலைநிமிர்ந்து கத்தத் தொடங்கிய பிறகே நீர் காட்டுக. குளிர்ந்த உடலில் தீனி செரிக்காது.

சில குஞ்சுகளின் ஆசனவாயில் எச்சம் உலர்ந்து ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். அதனைப் பிய்த்தெடுத்தால் தோலும் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, உலர்த்தி, சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

வழுக்கும் காகிதத்தின் மீதோ தகரத்தின் மீதோ விடப்பட்ட குஞ்சுகளுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்துபோவதுண்டு. இதனை முதல் சில நாட்களிலேயே கண்டால், இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் நிறுத்தி, மெல்லிய துணிநாடாவால் இறுகாமல் பிணைத்து, சொரசொரப்பான சாக்கின்மீது விடுக. நாடோறும் அவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டிவரின் சில நாட்களில் கால்கள் நேராகக் கூடும். காலந்தாழ்த்தினால் எலும்பு அவ்வாறே முற்றிவிடும்.

4. காயங்கள்

பருந்து, காகம், கீரி, நாய், பூனை ஆகியவற்றால் காயமுற்ற கோழியை முதலில் துணியால் போர்த்தி இருட்டான இடத்தில் வைத்தால் அதன் அச்சம் தணியும். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியைச் சில நிமிஷங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் நின்றபின், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து அந்நீரால் காயத்தைக் கழுவுக. சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்துவிடுதல் நலம். பின்பு போவிடோன் அயோடின் மருந்தையேனும், அது கிடையாவிடில் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சட்பொடியையேனும் மெல்லியதாகத் தடவலாம். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வைத்தல் கூடாது. அவை புண்ணை மேலும் வேகச்செய்யும்.

பூனையும் நாயும் கடித்த காயம் வெளியில் சிறிதாகத் தோன்றினும் உள்ளே ஆழமாகச் சீழ் பிடிக்கும். அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். ஈ மொய்த்தால் ஓரிரு நாட்களில் புழு வைத்துவிடும். ஆகவே காலையும் மாலையும் காயத்தைத் திறந்து பாருங்கள். புண் முற்றும் ஆறுமுன் கோழியைக் கூட்டத்தில் விடுதலாகாது. சிவந்த புண்ணைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும்.

5. மூன்று பெரு நோய்கள்

வெள்ளைக் கழிச்சல்: ஹிமாலயச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் இந்நோய் நம் நாட்டில் வழங்குகிறது. 1920-களின் பிற்பகுதியில் இஃது இந்தியாவில் கண்டறியப்பட்டது. கோழி உறங்கி வழியும், பச்சையும் வெண்மையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், சிலவற்றிற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறகும் செயலறும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் இது புகுந்தால் பெரும்பாலானவை மடியும். வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. வெங்காயமும் பூண்டும் மிளகும் இதனைத் தீர்க்கமாட்டா. ஆனால் வருமுன் தடுப்பது எளிது. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், சுமார் 8 வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். நலமுள்ள கோழிகளுக்கே இம்மருந்து பயன் தரும்.

இரத்தக் கழிச்சல்: இது மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இளங்குஞ்சுகளை மிகுதியாகத் தாக்கும். இதற்குக் காரணமான கண்ணுக்குத் தெரியாத கிருமி, எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஓரிரு நாட்களில் நோயுண்டாக்கும் வலிமை பெறுகிறது. ஆகையால் ஈரமான உமியே இந்நோயின் விளைநிலம். தண்ணீர்ச் சட்டியை உயர்த்தி வைத்து, நனைந்த உமியை உடனே அகற்றுக. இந்நோய்க்கு மருந்து உண்டு. ஆம்ப்ரோலியம் போன்றவற்றை மருத்துவர் கூறும் அளவில் குடிநீரில் கலந்து கொடுத்தால் பல குஞ்சுகள் பிழைக்கும். ஒருநாள் தாமதமும் பல குஞ்சுகளைப் பறித்துவிடும்.

கோழி அம்மை: கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்காகும். கொசுக்கள் இதனைப் பரப்பும். பொருக்கைப் பிய்த்தல் கூடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, கண்களை உப்பு நீரால் துடைத்து, கண் மூடிய கோழிக்குக் கையால் தீனி ஊட்டிவந்தால் சில வாரங்களில் பெரும்பாலானவை தேறும். வாயினுள்ளும் தொண்டையிலும் புண் பரவினால் ஆபத்து அதிகம்.

இவையன்றி, காரணம் தெரியாமல் ஒரே சமயத்தில் பல கோழிகள் மடிந்தால் அவற்றைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் உறுதிசெய்யப்பட்டது. அது மனிதரையும் தாக்கவல்லது. நோயால் இறந்த கோழியை ஒருபோதும் உண்ணலாகாது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில் ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும்.

6. சந்தையும் மனச்சாட்சியும்

இனிக் கூறப்போவதே இப்பாடத்தின் முக்கிய பாகம். ஒரு வீட்டில் பத்துக் கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு உறங்கி வழிகின்றன. வீட்டுக்காரி நோயை அறிந்துகொண்டாள், நாளை சந்தை. எட்டையும் விற்றால் கைக்குப் பணம் வரும். வைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாமற் போகலாம். அவளைப் பேராசைக்காரி என்று இகழ்வது நியாயமன்று. அவளுக்கு அதுவே ஆண்டின் சேமிப்பு. எனினும் அந்த எட்டுக் கோழிகள் எட்டு ஊர்களுக்கு நோயைக் கொண்டுசெல்லும். அடுத்த ஆண்டு வேறொருத்தி அவ்வாறே விற்ற கோழி இவள் வாசலுக்கும் வந்து சேரும்.

உபதேசத்தால் மாத்திரம் இது தீராது, சங்கத்தால் தீரும். தடுப்பு மருந்தின் ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. கரைத்தபின் அதைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் கெட்டுவிடும். ஐந்து கோழி உள்ளவள் தனியே வாங்கினால் மீதி வீண். இருபது வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் ஒரு துளியும் வீணாகாது. ஊரும் காவல் பெறும். கூட்டுறவு என்பதன் பொருளை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. மார்த்தாண்டத்தில் 1920-களிலும் 1930-களிலும் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், கோழி வளர்ப்பைக் கற்பித்ததோடு நில்லாமல், முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் வழிசெய்தது. விற்பதில் ஒன்றுசேர்ந்தவர்கள் காப்பதிலும் ஒன்றுசேரலாம் அன்றோ?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் மூன்று தீர்மானங்கள் செய்துகொள்ளலாம். கோடைக்கு முன்னரே கால்நடை மருந்தகத்தைக் கேட்டுத் தடுப்பூசிக்கு ஒரு நாள் குறித்தல். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமேனும் தனியே வைத்திருத்தல். நோய் தோன்றிய வீடு மறைக்காமல் அன்றே அறிவித்தல். அவ்வாறு அறிவித்து நஷ்டமடைந்தவளுக்கு அடுத்த அடையில் ஒவ்வொரு வீடும் ஒரு குஞ்சு கொடுத்து உதவுதல். உண்மை சொன்னவள் தண்டனை அடையாத ஊரிலேதான் நோய் மறைக்கப்படாது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற ஆண்டில் எத்தனை வீடுகளில் கோழிகள் மடிந்தன? முதலில் எந்த வீட்டில், எங்கிருந்து வந்தது?
2. மருந்துக் குப்பியை மருந்தகத்தினின்று பனிக்கட்டியோடு கொண்டுவரும் பொறுப்பை யார் ஏற்பது?
3. நோயுற்ற கோழியைத் தனியே வைக்க நம் வீடுகளில் இன்று இடம் உண்டா? இல்லையெனில், இந்தக் கூட்டம் முடிந்து வீடு சென்றதும் ஒரு பழைய கூடையைத் தேடி எடுத்து வையுங்கள்.